இதய சிடி ஸ்கேன்ல டோஸ் (கதிர்வீச்சு அளவு) எங்க ஒழுகுது? அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மார்த்தாண்டம் பக்கம் ஒரு சென்டர்ல சிடி பாக்குற தம்பி போன் பண்ணான். "அண்ணே, ஒரு கரோனரி ஆஞ்சியோ எடுத்தேன், டிஎல்பி 960 வந்து கெடக்கு, கேவி 100 தான் வச்சேன், பொறவும் எப்படிண்ணே"ன்னு கேக்கான். கரோனரி ஆஞ்சியோன்னா இதய ரத்தக்குழாய்க்கு சாயம் ஏத்தி எடுக்குற சிடி, டிஎல்பி-ங்கறது ஸ்கேனோட மொத்த கதிர் கணக்கு, கேவி-ங்கறது எக்ஸ்ரே ட்யூப்போட வோல்டேஜ். டோஸ் பேஜ அனுப்புலே மக்கான்னேன், ஸ்க்ரீன போட்டோ புடிச்சு அனுப்புனான், பாத்த ஒடனே தெரிஞ்சுட்டு. கேவி கொறச்சிருக்கான், சரி, ஆனா மோட் பழைய ரெட்ரோஸ்பெக்டிவ்லயே (துடிப்பு முழுக்க பீம் ஓடுற மோட்) கெடக்கு, ஸ்கேன் நீளம் 19 சென்டிமீட்டர். கூரைல ஓட்டைய விட்டுட்டு வாசல்ல சாக்கு விரிச்ச கததான்.

அவன்கிட்ட சொன்னதயும் அதுக்கு மேல கொஞ்சமும் இங்க எழுதி வைக்கேன், நம்ம பக்கத்துல புதுசா கார்டியாக் சிடி ஆரம்பிக்கிற பிள்ளைகளுக்கு ஒதவும். நான் நாகர்கோவில் பக்கம் ஓட்டுறது 64 ஸ்லைஸ் மெஷின் (ஒரு சுத்துல 64 வெட்டுப்படம்), அதனால சொல்லுறதெல்லாம் பெரும்பாலும் அதுக்குதான் பொருந்தும். ஒரே சுத்துல 16 சென்டிமீட்டர் எடுக்குற 320 ஸ்லைஸ்காரங்களுக்கும், ரெண்டு ட்யூப் உள்ள மெஷின்காரங்களுக்கும் பாதி தலவலி கெடையாது, கொடுத்து வச்சவங்க. மாத்திரை ஊசி விஷயம் எல்லாம் டாக்டர் முடிவு, நம்ம வேலை ஞாபகப்படுத்துறது.

முதல்ல டோஸ் பேஜ தொறங்க

எந்த அறிகுறியா இருந்தாலும் மொத கை இங்கதான். ரெண்டு நம்பர் இருக்கும், சிடிடிஐவால்னு ஒண்ணு, டிஎல்பின்னு ஒண்ணு. சிடிடிஐ-ங்கறது ஒரு வெட்டுல எவ்ளோ பாயுதுங்கறது, அத நீளத்தால பெருக்குனா டிஎல்பி. அந்த தம்பிக்கு சிடிடிஐ 50, நீளம் 19, பெருக்கி பாருங்க, 950, கிட்டத்தட்ட வந்துட்டு. டிஎல்பி மட்டும் பாத்து "கூடிப் போச்சு"ன்னு பொலம்புனா ஒண்ணும் பிடிபடாது, கூடுனது வெட்டுலயா நீளத்துலயான்னு பிரிச்சாதான் வழி தெரியும்.

கூடுதலா கொறவான்னு எத வச்சு சொல்லன்னா, 2007-ல 50 ஆஸ்பத்திரில எடுத்த பெரிய சர்வேல கரோனரி சிடியோட நடுமதிப்பு டிஎல்பி 885, பத்து வருஷம் கழிச்சு 2017-ல அதே மாதிரி பல நாட்டுல எடுத்தப்போ 195. நெஞ்சு அதே நெஞ்சுதான், எடுக்குற விதம் மாறிட்டு. டிஎல்பிய 0.014 ஆல பெருக்குனா மில்லி சீவர்ட் (ஒடம்புக்கு எவ்ளோ கதிர்னு சொல்லுற அளவு) கிடைக்கும்னு ரொம்ப நாளா ஒரு கணக்கு, அது படி 960-ங்கறது 13.4. இப்ப இதயத்துக்குன்னு தனியா 0.026 போடுறாங்க, அது படி பாத்தா 25 கிட்ட வருது. எத போட்டாலும் ஒரே கணக்க போடுங்க, இன்னைக்கு அது நாளைக்கு இதுன்னு மாத்துனா டோஸ் கூடுச்சா கொறஞ்சுதான்னு நமக்கே தெரியாது.

அறிகுறி: சிடிடிஐயே 40, 50ன்னு நிக்குது

மோட பாருங்க. ரெட்ரோஸ்பெக்டிவ் ஹெலிகல்ல பிட்ச் 0.2 பக்கத்துல இருக்கும், அப்படின்னா டேபிள் நகருறது கொஞ்சூண்டு, ட்யூப் சுத்துறது நெறய, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப பாயுது. ஓலை மேயும்போது ஓலை மேல ஓலை அடுக்குவாங்கல்லா, அதே மாதிரி. கூரைக்கு அது நல்லது, நெஞ்சுக்கு இல்ல. ப்ராஸ்பெக்டிவ்ல ஈசிஜி பாத்து இதயம் அசையாம நிக்குற நேரத்துக்கு மட்டும் பீம் ஆன் ஆகும், மத்த நேரம் ஆஃப். இத ரெண்டையும் நேருக்கு நேர் வச்சு பாத்த ட்ரையல்ல டோஸ் 69 சதவீதம் கொறஞ்சுது, படத்தோட தரம் விழல. வேற எந்த பட்டன அமுக்குனாலும் இவ்ளோ கொறையாது, எழுதி வச்சுக்கோங்க.

நெறய எடத்துல நடக்கறது என்னன்னா மெஷின் போட வந்த அப்ளிகேஷன்காரர் டீபால்ட்டா ரெட்ரோஸ்பெக்டிவ் வச்சிட்டு போயிருப்பார், எந்த ஹார்ட் ரேட்டுக்கும் படம் வந்துரும் கம்ப்ளெயின்ட் வராதுன்னு, அத அப்பிடியே அஞ்சு வருஷம் ஓட்டுவாங்க. ப்ரோட்டோகால் லிஸ்ட்ல ப்ராஸ்பெக்டிவ்வ முதல் வரிக்கு கொண்டு வந்து, ரெட்ரோவ கடைசில போடுங்க, கை தானா முதல் வரிக்குத்தான் போகும்.

ரெட்ரோ எடுத்தே ஆகணும்னா, அதாவது வால்வு அசைவு பாக்கணும், பம்பிங் பாக்கணும், இல்ல ரிதம் ரொம்ப தாறுமாறுன்னா, ஈசிஜி வச்சு எம்ஏ (ட்யூப் கரண்ட்) ஏத்தி இறக்குற ஆப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. தேவப்படுற நேரத்துக்கு முழு எம்ஏ, மிச்ச நேரம் 20 சதவீதம், சில மெஷின்ல 4 சதவீதம் வரைக்கும் எறக்கும். பம்பிங் மட்டும் பாக்க அந்த 4 சதவீத மங்கல் படமே போதும்.

அறிகுறி: மோட் சரி, ஆனா ஹார்ட் ரேட் எறங்க மாட்டேங்குது, பேடிங் (பீம் நேரத்துக்கு முன்னயும் பின்னயும் கூட விடுற நேரம்) தொறந்து தொறந்து டோஸ் ஏறுது

எனக்கு இதுலதான் ரொம்ப அனுபவம், ஏன்னா நம்ம ஊரு ஆளுங்க ஸ்கேனுக்கு வாற விதம் அப்படி. குலசேகரத்துல இருந்து பஸ் ஏறி வடசேரில எறங்கி, ஆட்டோக்காரன்கிட்ட பேரம் பேசி, நேரமாச்சுன்னு மாடிப்படி ஏறி வந்து டேபிள்ல படுத்தா ரேட் 88 இல்லாம வேற என்ன இருக்கும். வந்ததும் ஒரு இருவது நிமிஷம் சும்மா உக்கார வைங்க. அப்புறம் சாயா. முந்தின நாளே போன்ல "சாயா காப்பி குடிக்காண்டாம்"னு சொல்லிருப்போம், கேட்டா "சாயா குடிக்கலியே, ஒரு கட்டன் மட்டும்தான்"பாங்க. கட்டஞ்சாயா (பால் விடாத டீ) சாயால வராதுன்னு ஒரு நம்பிக்கை. அதனால நான் இப்ப "காலத்த என்னெல்லாம் குடிச்சிய"ன்னு கேக்குறேன், "சாயா குடிச்சியளா"ன்னு கேக்குறதே இல்ல.

இலக்கு 60-65க்கு கீழ. பீட்டா ப்ளாக்கர், பெரும்பாலும் மெட்டோப்ரோலால் 50ல இருந்து 100 மில்லிகிராம், ஸ்கேனுக்கு ஒரு மணிக்கூர் முன்ன குடுக்கச் சொல்லுவாங்க. ஆஸ்துமா, பிரஷர் கொறவு, ஹார்ட் ப்ளாக் இருந்தா டாக்டர்கிட்ட மொதல்லயே சத்தமா சொல்லிருங்க, ஐவாப்ராடின் மாதிரி வேற வழி அவங்க யோசிப்பாங்க. நாக்கு அடியில நைட்ரோ (ரத்தக்குழாய விரிக்கிற மருந்து) குடுக்கறதுன்னா ரேட் கொஞ்சம் ஏறும், அதயும் கணக்குல வச்சுக்கணும், அதோட ஆண்மைக்குன்னு போடுற மாத்திரை ரெண்டு நாளைக்குள்ள போட்டிருந்தா நைட்ரோ கூடவே கூடாது. இத கேக்க வெக்கப்படாதீங்க, பொண்டாட்டி வெளிய போனதும் தனியா கேளுங்க.

பேடிங் ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னா, கேண்ட்ரி (ட்யூப் சுத்துற வளையம்) 0.35 செகண்ட்ல ஒரு சுத்து சுத்துனா படத்துக்கு வேண்டிய பீம் நேரம் சுமார் 0.23 செகண்ட். ஒரு பாதுகாப்புக்குன்னு ரெண்டு பக்கமும் 0.1, 0.1 தொறந்தா 0.43 ஆயிருது, கிட்டத்தட்ட டபுள், யாரும் கேவியும் தொடல எம்ஏவும் தொடல. ரேட் 60க்கு கீழ சீரா ஓடுனா பேடிங் பூஜ்ஜியம் வைங்க, துடிப்போட 75 சதவீதத்துல ஒரே அடி. ரேட் 75க்கு மேலயே நிக்குதுன்னா டயஸ்டோல (இதயம் தளருற நேரம்) விட்டுட்டு சிஸ்டோல் (சுருங்குற நேரம்) பக்கம், 35-45 சதவீதம் போங்க, ரெண்டுக்கும் சேத்து தொறந்து வைக்காதீங்க.

அறிகுறி: சிடிடிஐ நல்லா இருக்கு, டிஎல்பி மட்டும் கூட

நீளம்தான், வேற என்ன. இதயத்துக்கு 12ல இருந்து 14 சென்டிமீட்டர் போதும், கரீனாக்கு (மூச்சுக்குழாய் ரெண்டா பிரியுற எடம்) கொஞ்சம் கீழ ஆரம்பிச்சு இதயத்தோட அடி முடியுற எடம் வரைக்கும். 14க்கு பதில் 18 வச்சா வேண்டிய டோஸுக்கு மேல நாலுல ஒரு பங்குக்கும் கூடுதலா சும்மா போகுது, போறது எங்க, கழுத்துப் பக்கமும் ஈரலும். கால்சியம் ஸ்கோர் (சாயம் இல்லாம குழாய்ல உள்ள சுண்ணாம்ப அளக்குற ஸ்கேன்) எடுத்திருந்தா அந்த படத்துல லெஃப்ட் மெயின் (இடது பக்க முக்கிய ரத்தக்குழாய்) எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்து அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்ல கோடு போடுங்க, ஸ்கௌட்ட (ஸ்கேனுக்கு முன்ன எடுக்குற ப்ளான் படம்) மட்டும் பாத்து குத்துமதிப்பா போடாதீங்க. பைபாஸ் பண்ணவங்களுக்கு மட்டும் இத கொண்டு போகாதீங்க, உள்மார்பு ரத்தக்குழாய்ல இருந்து எடுத்த க்ராஃப்ட்டு மேல காறை எலும்பு கிட்ட ஆரம்பிக்கும், அத வெட்டிட்டா மறுபடியும் எடுக்கணும்.

அறிகுறி: கேவிய 100க்கு கொறச்சேன், படம் பூரா மணல்

உடனே கேவிய 120க்கு ஏத்தாதீங்க, எம்ஏவ முறுக்காதீங்க. இந்த வரிசைல பாருங்க. ஒண்ணு, என்ன ஸ்லைஸ்ல பாக்குறீங்க? ஸ்லைஸ் தடிமன பாதியாக்குனா நாய்ஸ், அதாவது அந்த மணல், 41 சதவீதம் கூடும், எம்ஏவ பாதியாக்குனாலும் அதே 41தான், ரெண்டும் ஒரே கணக்கு. ரெண்டு, ஸ்டென்ட்டுக்குள்ள பாக்குற ஷார்ப் கெர்னல்ல (விளிம்ப கூர்மையாக்குற கணக்கு) ஓடுதா? அது நாய்ஸ ஊதிப் பெருசாக்கும், ஸ்டென்ட் இல்லாதவருக்கு எதுக்கு. மூணு, இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்ஷன் (நாய்ஸ கொறச்சு படத்த கட்டுற சாப்ட்வேர்) ஆன்ல இருக்கா? பல சென்டர்ல லைசன்ஸ் வாங்கி வச்சிருப்பாங்க, இந்த ப்ரோட்டோகாலுக்கு மட்டும் டிக் பண்ணிருக்க மாட்டாங்க. இது மூணும் ஸ்கேன் முடிஞ்ச பொறவும் மாத்தலாம், ரா டேட்டா இருந்தா போதும், பேஷன்ட்டுக்கு ஒரு துளி டோஸ் கூடாது.

100 கேவி ஏன் நல்லதுன்னா, டோஸ் கொறயறது ஒரு பக்கம், அதே எம்ஏ-ல 120ல இருந்து 100க்கு வந்தா 31 சதவீதம் கிட்ட கொறயும். இன்னொரு பக்கம் சாயத்துல உள்ள அயோடின். அயோடினோட கே எட்ஜ் (அது எக்ஸ்ரேய ரொம்ப உறிஞ்ச ஆரம்பிக்கிற எடம்) 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பீம் அதுக்கு பக்கத்துல வர வர அயோடின் நல்லா பளிச்சுன்னு தெரியும். கொஞ்சம் மணல் இருந்தாலும் ரத்தக்குழாய் பளபளன்னு இருக்கறதால ரிப்போர்ட் எழுத முடியும், அதனால 120-ல பாத்து பழகுன கண்ணால 100-ஐ எடை போடாதீங்க. 90 கிலோக்கு கீழ உள்ளவங்களுக்கு 100 தாராளம், ஒல்லியான ஆளுக்கு, 60 கிலோக்கு கீழ, 80 கேவியும் யோசிக்கலாம். ஆனா நல்ல தடிச்ச ஆளு, 105 கிலோ, அவருக்கும் 100ன்னு அடம் புடிச்சா ட்யூப் எம்ஏ உச்சத்துல போய் முட்டி நிக்கும், அதுக்கு மேல குடுக்க அதால முடியாது, படம் உருப்படாது. 120 வைங்க, அதுல ஒரு கொறச்சலும் இல்ல.

அறிகுறி: ஒரே எடை உள்ள ரெண்டு பேருக்கு மெஷின் குடுக்குற எம்ஏ ரொம்ப வித்தியாசமா இருக்கு

டேபிள் உயரம். இத யாரும் பாக்க மாட்டாங்க. ஆட்டோ எம்ஏ முடிவு பண்றது ஸ்கௌட்ட வச்சு. ட்யூப் மேல இருந்து ஸ்கௌட் எடுக்குற மெஷின்ல டேபிள கூடுதலா தூக்கிட்டா ஆளு ட்யூப்புக்கு பக்கத்துல போவாரு, பெருசா தெரிவாரு, மெஷின் "ஆளு தடியன்"னு நெனச்சு எம்ஏவ ஏத்தும். தாழ்ந்து போனா சின்ன ஆளுன்னு நெனச்சு கொறச்சிரும், படம் மணலாயிரும். எப்படி போனாலும் நடுவுல இருந்து விலகுனா பௌட்டை ஃபில்டர் (பீம நடுவுல கூட்டி ஓரத்துல கொறைக்கிற தகடு) தப்பான எடத்துல விழுந்து நாய்ஸ் கூடத்தான் செய்யும். பக்கவாட்டு ஸ்கௌட் ஒண்ணு எடுத்து நெஞ்சு நடுக்கோட்டுல இருக்கான்னு பாருங்க, லேசர பக்கத்துல விலா நடுவுல வைக்க பழகுனா அதுவே சரியாயிரும்.

அதோட கை. தோள் வலின்னு ஒரு கைய கீழ வச்சா அந்த எலும்பயும் சேத்து மெஷின் கணக்கு போடும். வளையல், தாலிச்செயின், கொந்த (ஜெபமாலை), எல்லாம் கழட்டச் சொல்லுங்க, தாலிய கழட்ட மாட்டேன்னு சொல்லுறவங்களுக்கு கழுத்துக்கு மேல தூக்கி தாடை கிட்ட டேப் போட்டு ஒட்டிருவேன், சண்டைக்கு நேரமில்ல. மார்புக்கு பிஸ்மத் ஷீல்டு போடுறவங்க இருந்தா ஸ்கௌட்டுக்கு முன்ன போட்டா எம்ஏ ஏறும், ஸ்கௌட்டுக்கு பொறவு போட்டாலும் முன்பக்கம் கோடு கோடா வரும். எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது.

அறிகுறி: படம் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி இருக்கு

64 ஸ்லைஸ்ல ஒரு அடிக்கு 4 சென்டிமீட்டர்தான் எடுக்க முடியும், அப்ப முழு இதயத்துக்கு மூணு நாலு அடி, ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்பு. நடுவுல ஒரு துடிப்பு தப்புனாலோ மூச்சு அசஞ்சாலோ ஒரு அடுக்கு விலகி நிக்கும்.

கடியபட்டணம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணாச்சி வந்தாரு, கடல்ல முங்கி சிப்பி எடுக்குற ஆளு. மூச்ச இழுத்து புடிக்கணும்னு நான் சொல்ல, "எனக்கு நீ மூச்சு புடிக்க சொல்லித் தாறியா"ன்னு ஒரு சிரிப்பு. ப்ராக்டிஸ் பண்ண வச்சேன், அவரு கடல்ல முங்குறதுக்கு இழுக்குற மாதிரி நெஞ்சு பொடச்சு வயிறு முறுக்கி இழுத்து அடச்சாரு, மானிட்டர்ல 58 ஓடிட்டு இருந்த ரேட் பத்து செகண்ட்ல 74. முக்கி அடச்சா அப்படித்தான் ஆகும். "அண்ணாச்சி, இது தண்ணி இல்ல, முக்கா மூச்சு போதும், வாய தளத்தி வச்சுக்கோங்க"ன்னு மூணு தடவ பழக்குன பொறவு 57, 58லயே நின்னுச்சு. அந்த ப்ராக்டிஸ் இல்லாம நேரா எடுத்திருந்தா கண்டிப்பா ரீஸ்கேன், அதுவும் கான்ட்ராஸ்ட் சாயத்த மறுபடி குத்தி. ரீஸ்கேன்னா டோஸ் ரெட்டிப்பு, கேவில மிச்சம் புடிச்ச 31 சதவீதம் எங்க போச்சு?

அதே மாதிரி கான்ட்ராஸ்ட் போறப்போ ஒடம்பு பூரா சூடாகும், ஒண்ணுக்கு போன மாதிரி தோணும், ஆனா போகாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க. சொல்லாம ஏத்துனா பயந்து ரேட் ஏறிரும், கரெக்டா ஸ்கேன் ஆரம்பிக்கிற நேரத்துல.

படிக்கட்டு விழுந்துட்டுன்னா ரீஸ்கேன் பட்டனுக்கு முன்ன ரேடியாலஜிஸ்ட கூப்புடுங்க. விலகுன எடத்துல பெரிய குழாய் ஒண்ணும் இல்லன்னா விட்டுரலாம்னு சொல்லுவாங்க. எடுத்தே தீரணும்னாலும் அந்த 4 சென்டிமீட்டர் மட்டும் எடுங்க, முழுசா வேண்டாம்.

அறிகுறி: கேவி கொறச்சதுல இருந்து கான்ட்ராஸ்ட் டைமிங் தப்புது

இது கொஞ்சம் குசும்பு புடிச்சது. போலஸ் ட்ராக்கிங்ல (சாயம் வந்துட்டான்னு ஒரே எடத்த திரும்பத் திரும்ப பாக்குறது) 100 எச்யூ (சிடி படத்தோட வெளிச்ச அளவு) தொட்டதும் ஸ்டார்ட்னு வச்சிருப்போம். ட்ராக்கிங்கயும் 100 கேவில மாத்திட்டா அதே அயோடின் கூடுதல் எச்யூ காட்டும், 100-ஐ சீக்கிரமே தொட்டுரும், ஸ்கேன் முந்திப் போயிரும். த்ரெஷோல்ட கொஞ்சம் ஏத்துங்க. ட்ராக்கிங்ல ஒவ்வொரு செகண்டும் ஒரே எடத்துல பாயுதுங்கறதயும் மறக்காண்டாம், எம்ஏ அடிமட்டத்துல வைங்க, முதல் பத்து செகண்ட் சும்மா இருக்கட்டும். கேனுலா வலது கை மடக்குல 18 நம்பர், 5 மில்லி வேகத்துக்கு 22 நம்பர் தாங்காது, வெடிச்சா மொத்தமும் போச்சு.

அறிகுறி: படம் மெழுகு பொம்ம மாதிரி வழுவழுன்னு

இட்டரேட்டிவ் லெவல கூட்டிட்டீங்க. ரெண்டு லெவல் எறக்குங்க.

அறிகுறி: கால்சியம் ஸ்கோருக்கே டோஸ் கூட வருது

இதுல மட்டும் கேவிய தொடாதீங்க. அகாட்ஸ்டன் கணக்கு (ஸ்கோர் போடுற முறை) 130 எச்யூ, 120 கேவி, 3 மில்லிமீட்டர்னு வச்சுதான் இப்ப போடுறது, கேவிய எறக்குனா ஸ்கோர் ஏறிரும், 90 உள்ளவருக்கு 120 எழுதி பயங்காட்டிருவீங்க. எம்ஏ, நீளம் ரெண்டையும் பாருங்க, ஒரு மில்லி சீவர்ட் பக்கத்துல நிக்கணும். ஸ்டென்ட் வச்சவருக்கும் பைபாஸ் ஆனவருக்கும் ஸ்கோர் எதுக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க, பாதி நேரம் "வேண்டாம் விட்டுரு"ம்பாங்க.

அறிகுறி: பேஷன்ட் டேபிள்ல படுத்துட்டு "ஒண்ணும் ஆவாதில்லா மக்களே"ங்காங்க

இது மெஷினோட அறிகுறி இல்ல, ஆனா பதில் சொல்லலன்னா ரேட் எறங்காது, அதான் இங்க சேக்கேன். மணவாளக்குறிச்சி பக்கத்துல இருந்து வந்த ஒரு பாட்டி கேட்டாவ, "எங்க கடக்கர மண்ணுலயே கதிர் உண்டும்பாவ, அதுக்கு மேல இதும் வேணுமா". கேள்வி சரிதான், அங்க கருமணல்ல மோனசைட் இருக்கு, மோனசைட்ல தோரியம் இருக்கு, அந்த மணல பிரிக்க அங்க அரசு ஆலையே ஓடுது. உலகத்துல சராசரியா ஒரு ஆளுக்கு இயற்கையிலேயே வருஷத்துக்கு 2.4 மில்லி சீவர்ட் கெடைக்குது. டிஎல்பி 195ன்னா பழைய கணக்குல 2.7, அப்ப ஏறக்குறைய ஒரு வருஷத்து இயற்கைப் பங்கு. "ஒரு வருஷம் இயற்கையா வாறது போல பாட்டி, டாக்டருக்கு நெஞ்சு வலி எதுனாலன்னு தெரியணும்லா, அதுக்குத்தான்"னு சொன்னேன். "அப்ப சரி"ன்னு கண்ண மூடிட்டாவ, ரேட் 71ல இருந்து 63. "ஒண்ணுமே இல்ல பாட்டி, சும்மா போட்டோ"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது பொய், அவங்களுக்கும் தெரியும்.

அறிகுறி: போன மாசம் எவ்ளோ டோஸ்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் கணக்கு இல்ல

டோஸ் பேஜ் மெஷின்லயே கெடந்து, ஹார்ட் டிஸ்க் நெறஞ்சதும் அழிஞ்சிருக்கும். பேக்ஸுக்கு (படம் சேத்து வைக்கிற சர்வர்) தானா போற லிஸ்ட்ல டோஸ் ரிப்போர்ட் சீரிஸையும் டிக் பண்ணுங்க. அதுவரைக்கும் ஒரு நோட்டு போதும், தேதி, எடை, ரேட், மோட், கேவி, சிடிடிஐ, நீளம், டிஎல்பி, எட்டு கட்டம். மார்த்தாண்டத்து தம்பி நேத்து அவன் நோட்டோட முதல் பக்கத்த அனுப்பிருந்தான், ஆறு பேஷன்ட், அஞ்சு பேருக்கு டிஎல்பி 250க்குள்ள, ஆறாவது 610. அதுக்கு நேரா ரேட் கட்டத்துல 82ன்னு எழுதி, ஓரத்துல "கட்டன்"னு குறிச்சிருக்கான்.